நனைந்த கம்பளியின் எடை

ராகலை, மேல் டிவிஷன்
12 ஜனவரி 2025

வினோதா,

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. உன் நலம் எந்த நாட்டில் கிடக்கிறது என்பதே நேற்று வரை எனக்குத் தெரியாது.

மார்கழியில் லீவில் வந்தாய். என் கையால் சாப்பிட்டாய், என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிந்த பிறகும் தூங்கினாய். போகும்போது என்ன சொன்னாய்? "அக்கா, ஒரு ட்ரெயினிங் இருக்கு, கொஞ்ச நாளைக்கு போன் எடுக்க முடியாது." நானும் ஒரு மடைச்சி, ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, வாழை இலையில் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றி விட்டேன்.

நேற்று மக்பூல் நானா கடைக்குச் சீனி வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரி அவர் சொல்கிறார்: "என்ன பூரணி, ஒங்கட தங்கச்சியும் நம்மட மருமகன் றம்ஸானும் ஒரே பிளேன்லதானே ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்காங்க! அங்க பெரிய சண்டையாமே?" எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் கேட்டார், பாவம். "ஆமாங்க நானா" என்று சொல்லிவிட்டுச் சீனியை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஏண்டி, ஊரான் சண்டையில் உனக்கு என்ன வேலை? நம் நாட்டுச் சண்டையில் நாம் பட்டது போதாதா? சின்னராசா மாமா கொழும்பில் கடையில் நின்றவர். பெயர் தமிழ்ப் பெயர் என்பதற்காக ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள்; திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக வந்தார். நீ அந்த விமானப்படை நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் தடவை நம் தோட்டத்து லயத்துக்குள் வந்த அன்று எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவள் நான். டீச்சராவாய் என்று நினைத்துத்தான் ஏ.எல். பரீட்சை வரை படிக்க வைத்தேன்.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ கொஞ்சிப் பேசி ஏமாற்றிவிடுவாய். அதனால் எழுத்தில் பதில் சொல். அங்கே என்ன செய்கிறாய், எப்போது வருகிறாய், இரண்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் அத்தான் அழகன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அவருக்குக் கோபமே வராது, அது அவருடைய வியாதி.

பூரணி

*

முகாமிலிருந்து
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை றம்ஸான் சமையலறையில் வைத்துக் கொடுத்தான். எங்கள் தபால் பை கொழும்புக்குப் போய் வரும். அங்கிருந்து மக்பூல் நானா கடைச் சாமான் லொறியில் ராகலைக்கு வந்துவிடும். உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம். முதல் வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

பொய் சொன்னது தப்புத்தான். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்னை விட்டிருப்பாயா? நெஞ்சில் கை வைத்துச் சொல்.

இடத்தின் பெயரை எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. சிவப்பு மண், முள் மரம், நடுவில் மண்ணாலான ஓடுபாதை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கிடையாது, அது ஒன்றுதான் இன்னும் பழகவில்லை. நாங்கள் சண்டை போட வரவில்லை, அக்கா. ஐ.நா. கேட்டு வந்த போக்குவரத்து ஸ்குவாட்ரன். பாதைகளை எல்லாம் சண்டைக்காரர்கள் அடைத்து வைத்திருக்கிறார்கள். அரிசி, மருந்து, கூடாரம், காயம்பட்ட ஆட்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாம் ஆகாயத்தில்தான் போய் வர வேண்டும். அதைச் செய்கிறோம்.

ஸ்குவாட்ரன் என்றால் என்ன என்று கேட்பாய். ஒரு தோட்டத்தை நினைத்துக்கொள். பெரிய தொரை இடத்தில் கட்டளை அதிகாரி. அதிகம் பேச மாட்டார், ஆனால் யாருடைய பூட்ஸ் கிழிந்திருக்கிறது என்பது வரை அவருக்குத் தெரியும். சின்னத் தொரைகள் மாதிரி விமானிகள். ஆபீஸ் மாதிரி ஒரு அறை இருக்கிறது; எந்த விமானம் எங்கே, எத்தனை மணிக்கு என்று பலகையில் எழுதுவது அங்கேதான். பராமரிப்புப் பிரிவுதான் எங்கள் பெக்டரி. அவர்கள் கை கழுவி நான் பார்த்ததே இல்லை, கழுவினாலும் எண்ணெய் போகாது. ஸ்டோர்காரர்கள் தனி, காவல்காரர்கள் தனி, ஒரு டாக்டர், தாதிமார். நானுஓயா றம்ஸான் அடுப்படி. காலையில் எல்லாருக்கும் பெரட்டு உண்டு. மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவுக்குப் பதிலாக ஒரு வாரண்ட் ஒபிசர் நின்று பெயர் கூப்பிடுவார். பிந்திப் போனால் இவரும் அதே பார்வைதான் பார்க்கிறார்!

இதில் உன் தங்கச்சி யார்? லோட் மாஸ்டர். விமானத்தில் எவ்வளவு கனம் ஏற்றலாம், எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது, எப்படிக் கட்டுவது, எல்லாம் என் பொறுப்பு. எடை கூடினால் விமானம் எழும்பாது. இடம் மாறி வைத்தால் எழும்பிய பிறகு கவிழும். எங்கள் பிரிவுக்குத் தலைவி சார்ஜன்ட் பிரியந்தி, குருநாகல் பக்கத்துச் சிங்களவர். சிரிக்கவே மாட்டார். எனக்கு வேலை கற்றுத் தந்து, என்னைப் பெயர் சொல்லி இந்தப் பயணத்துக்குக் கேட்டு எடுத்தவரும் அவர்தான்.

விமானிகள் முன்னால் இருப்பார்கள். பின்னால் சாமான்களோடு நான் தனியாக, காதில் ஹெட்செட். எல்லாம் சரி என்று நான் சொல்லும் வரை கப்டன் எஞ்சினை முடுக்க மாட்டார். தொரை கங்காணியைக் கேட்டுவிட்டுக் காலை எடுத்து வைக்கிற தோட்டம் எங்கேயாவது உண்டா, அக்கா? இங்கே உண்டு. விமானிகளின் சட்டையில் இரட்டைச் சிறகு தைத்திருக்கும். என் சட்டையில் ஒற்றைச் சிறகு. ஒற்றைதான், ஆனால் அது என்னுடையது.

எப்போது வருவேன் என்று கேட்டாய். ஒரு வருடம். இப்போதைக்கு அவ்வளவுதான் தெரியும்.

உன்னிடம் அடி வாங்கத் தயாராக இருக்கும்
வினோதா

*

ராகலை
9 மார்ச் 2025

வினோதா,

கோபம் தீரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உன் கடிதத்தை மலைக்குக் கொண்டுபோய், தேத்தண்ணி நேரத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஏன் படித்தேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. தொரை உன்னைக் கேட்டுத்தான் கிளம்புகிறார் என்ற இடம் வந்ததும் நிஷாந்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப அவ கங்காணியா, தொரைச்சாணியா?" மலையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

தராசு பிடிக்கிற வேலையா உனக்குக் கிடைத்தது! அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. இங்கே கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் புதிதாக ஒரு தராசுக்காரர் வந்திருக்கிறார். பட்டனைத் தட்டினால் சிவப்பாக எண் எரிகிற தராசு. தராசு புதிது, கழிவு பழையது. பனி ஈரம் என்றால் சாக்குக்கு இரண்டு கிலோ வெட்டு, மழை என்றால் நான்கு. கொழுந்தை உதறிக் கட்டினாலும் அதே வெட்டுத்தான். முதுகு ஒடியப் பறித்த கொழுந்து, அவர் ஒரு வார்த்தை சொன்னதும் அரைப்பேராகிவிடுகிறது. அரை நாள் சம்பளம் போச்சு.

அம்மா காலத்திலும் இதே கதைதான். நினைவிருக்கிறதா? பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவிலிருந்து ஓடி வந்து அம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு மடுவத்தில் நிற்பாய். தராசுக்காரர் வாயைத் திறக்கும் முன்னால் நீ கத்துவாய்: "தண்ணிக்கு ரெண்டு கழிவு!" எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். உனக்கு எண் பழகியதே அந்தக் கழிவில்தான்.

சிறகு, கிறகு எல்லாம் இருக்கட்டும். நடுவில் ஆள் மாற்றுகிற விமானம் ஒன்று ஆடி மாதம் வருமாமே, மக்பூல் நானா விசாரித்துச் சொன்னார். அதில் ஏறி வந்துவிடு. கந்தப்பளை ஸ்கூலில் டீச்சர் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீ வந்தால்தான் எனக்குத் தூக்கம்.

ஒரு பொட்டலம் தேயிலை வைத்திருக்கிறேன். பெக்டரியிலிருந்து உன் அத்தான் கொண்டு வந்தது. நல்ல ரகம், தண்ணியாக ஊற்றிக் குடிக்காதே.

அக்கா

*

முகாமிலிருந்து
13 ஏப்ரல் 2025

அக்கா,

நாளைக்குப் புத்தாண்டு. வாழ்த்துச் சொல்ல எழுத உட்கார்ந்தேன். ஆனால் வேறொன்றை உன்னிடம் சொல்லாமல் இந்தப் பேனா நகராது.

போன வாரம் இங்கே முதல் மழை. இடம்பெயர்ந்த ஆட்களுக்காக வந்த கம்பளிகள், கட்டுக் கட்டாக, வெளியே தார்ப்பாயின் கீழ் இருந்தன. காற்றில் தார்ப்பாய் கிழிந்து எல்லாம் நனைந்துவிட்டது. விடிந்ததும் அவற்றை ஒரு சின்ன ஓடுபாதைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஆட்கள் வெறும் தரையில் படுத்திருந்தார்கள். பிரியந்தி சார்ஜன்ட் வேறு விமானத்தில் போயிருந்தார். நான் ஒவ்வொரு கட்டாகத் தராசில் வைத்தேன். தராசு சரியாகத்தான் சொன்னது. என் கை அதை எழுதவில்லை, அக்கா. ஒவ்வொரு கட்டுக்கும் தண்ணீருக்குக் கழித்து எழுதியது.

யாரும் சொல்லிக் கழிக்கவில்லை, கள்ள எண்ணம் எதுவும் இல்லை. கம்பளிக்குத்தான் எடை, தண்ணீர் கணக்கில் சேராது என்று மனம் தானாகவே சொன்னது. மடுவத்தில் சேராது. விமானத்துக்கு அது தெரியுமா?

கப்டன் கேட்டார், சரி என்று சொன்னேன். விமானம் ஓடத் தொடங்கியது. வேகம் கூடக் கூடக் கட்டுகளிலிருந்து தண்ணீர் வழிந்து, தரை வழியாகப் பின்னால் ஓடி வந்து என் பூட்ஸை நனைத்தது. நான் கணக்கை விட்டு வெளியே தள்ளிய தண்ணீர் முழுவதும் என்னோடு உள்ளேதான் இருந்தது. அந்த நிமிடம் விளங்கியது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். வாயில் வந்தது தமிழ்தான். பிறகுதான் "ஸ்டொப்" வந்தது. கப்டன் அதற்கு முன்பே பிரேக்கை மிதித்துவிட்டார். ஓடுபாதை முடிந்து, முன் சக்கரம் புல்லில் இறங்கி நின்றது. முள் மரங்கள் கண்ணெதிரே இருந்தன. விமானிகள், நான், எங்களோடு ஏறியிருந்த அந்த நாட்டு டாக்டர் ஒருவர், யாருக்கும் ஒன்றுமில்லை.

கப்டன் இறங்கி வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். எடையை நான் பிழையாக எழுதினேன் என்று சொன்னேன். பாதிக் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு வேறு லோட் மாஸ்டரோடு மத்தியானம் போனார்கள். கம்பளி அன்றைக்கே போய்ச் சேர்ந்தது, பாதிதான்.

என் சிறகைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். விசாரணை முடியும் வரை றம்ஸானோடு வெங்காயம் உரிக்கிறேன். விசாரணையில் ஏன் கழித்தாய் என்று கேட்டார்கள். மடுவத்தைப் பற்றிச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். சாக்குப் போக்கு என்று நினைத்திருப்பார்கள். பிரியந்தி சார்ஜன்ட் மட்டும் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

உன் கடிதத்தைக் கம்பளி ஏற்றியதற்கு முதல் நாள்தான் படித்திருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை.

வினோதா

*

ராகலை
4 மே 2025

அடியே,

கம்பளியா? நனைந்த கம்பளி என்ன கனம் கனக்கும் என்று உனக்குத் தெரியாதா? மழைக்கு அம்மா தலையோடு போட்டுக்கொண்டு போன கம்பளியை அந்தியில் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவோமே! உன்னால் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவாயே! அதைப் போய் எப்படிக் கழித்தாய்?

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்தேன். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? அந்தக் கழிவை உன் காதில் ஓதி வளர்த்த மடுவம் இது.

முள் மரம் கண்ணெதிரே இருந்தது என்று எழுதினாயே, அந்த வரியை உன் அத்தானுக்கு நான் படித்துக் காட்டவில்லை. எனக்கு மட்டும் போதும்.

பிள்ளே, வந்துவிடு. சிறகு போனால் போகட்டும். உயிரோடு இருக்கிறாய். உள்காம்பராவைக் காலி பண்ணிச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், கேட்கிறவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தேயிலை அனுப்பிவிட்டேன். குடி.

அக்கா

*

முகாமிலிருந்து
20 மே 2025

அக்கா,

விசாரணை முடிந்தது. கட்டளை அதிகாரி கூப்பிட்டார். ஓடுகிற விமானத்தை நானே நிறுத்தச் சொன்னதையும், கேட்டதும் மறைக்காமல் ஒப்புக்கொண்டதையும் கணக்கில் எடுத்தாராம். இரண்டு வழி வைத்தார். ஜூலையில் வருகிற ஆள் மாற்று விமானத்தில் ஊருக்குப் போகலாம், ஒரு கறுப்புப் புள்ளியும் இல்லாமல். அல்லது இங்கேயே இருந்து மறுபடியும் பரீட்சை எழுதி, சிறகைத் திரும்ப வாங்கலாம். தோற்றால் அதோடு முடிந்தது, இனி எந்த விமானத்திலும் ஏற முடியாது. ஜூலை நடுப்பகுதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நான் வருகிறேன், அக்கா. நீ கேட்டது அதுதானே. தராசு இருக்கிற பக்கம் போகாமல் சுற்றிப் போகிறேன். பெரட்டில் என் பெயரைக் கூப்பிடும்போது எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. திரும்பிப் பார்க்கிறார்களா என்று எனக்குத் தெரியாது, நான் தலையைத் தூக்குவதில்லை.

பிரியந்தி சார்ஜன்டிடம் சொன்னேன். அவர் கட்டுகிற வலையைச் சரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

சுண்ணாம்பு வெள்ளையே போதும், நீலம் கலக்காதே. கந்தப்பளை ஸ்கூலில் விசாரித்து வை.

வினோதா

*

ராகலை
15 ஜூன் 2025

வினோதா,

வராதே.

பயந்துவிடாதே, இங்கே எல்லாரும் சுகம். இந்தக் கடிதம் நேரத்துக்கு உன் கையில் சேர வேண்டும் என்று மக்பூல் நானாவிடம் கெஞ்சியிருக்கிறேன். "லொறி என்ன, நானே கொழும்புக்குக் கொண்டு போறன்" என்று சொல்லியிருக்கிறார். அதனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், கேள்.

உன் விமானக் கதையை நான் யாருக்கும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நிஷாந்தி சும்மா இருக்கிறவளா? "ஒங்க தொரைச்சாணி என்ன எழுதியிருக்கா?" என்று தினமும் நச்சரிப்பு. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன், தண்ணீருக்குக் கழித்ததிலிருந்து, நிறுத்துங்க என்று கத்தினது வரைக்கும். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. மடுவத்தில் வரிசை. தராசுக்காரர் முதல் சாக்கை மாட்டினார், எண் எரிந்தது, பார்க்காமலே "நாலு கழிவு" என்றார். அடுத்தது நிஷாந்தி. சாக்கைக் கொடுக்காமல் மாரோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "நிறுத்துங்க."

"என்ன?" என்றார் அவர்.

"தராச நிறுத்துங்க. பூரணி தங்கச்சி ஓடுற பிளேனையே நிறுத்தினா. நாங்க இத நிறுத்த மாட்டோமா?"

அவ்வளவுதான், வினோதா. ஒவ்வொருத்தியாகச் சாக்கைக் கீழே வைத்தார்கள். நான் எங்கே நின்றேன் என்று கேட்பாய். பின்னால் நின்றேன், அதுதான் உண்மை. பிறகு என் கால் தானாக முன்னால் போனது. கண்டாக்கையா வந்து கத்தினார். நான் சொன்னேன்: "ஐயா, தண்ணிக்கு எட இருக்கு, இல்லைன்னு சொல்லல. எவ்வளவு இருக்குன்னு பாருங்க. நாங்க கொழுந்த உதறிக் கட்டியிருக்கோம். நனைஞ்ச வெறுஞ்சாக்க ஒரு தடவை தராசுல போடுங்க. அது காட்டுறதக் கழிங்க. ஒங்க வாய் சொல்றதக் கழிக்காதீங்க."

தொரைக்கு ஆள் போய், அவரும் மழையோடு ஜீப்பில் வந்தார். எல்லாருடைய கண் முன்னாலும் ஒரு சாக்கைக் கொட்டி, ஈரத்தோடு தராசில் போட்டார்கள். ஒரு கிலோகூட இல்லை! தொரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். இனி உதறிக் கட்டிய சாக்குக்கு மழை நாளில் ஒரு கிலோ, அதற்கு மேல் இல்லை என்று சொன்னார். போகும்போது கேட்டார்: "யாரு இத ஆரம்பிச்சது?"

நிஷாந்தி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பூரணி தங்கச்சிங்க தொரை. அவங்க ஆப்பிரிக்காவுல இருக்காங்க."

தொரை முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அம்மா நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா எத்தனை மழையில் அங்கே நின்றிருப்பார், ஒரு நாளாவது வாய் திறந்தாரா? எனக்குப் பெருமையாக இருந்தது. அழுதேன், நன்றாகவே அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நீ தலையைக் குனிந்துகொண்டு லயத்துக்குள் வந்து இறங்கினால் இவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? உன் பெயரைச் சொல்லித் தராசை நிறுத்தியவர்கள் இவர்கள். நீ தராசைக் கண்டு சுற்றிப் போகிறாயா? பெரட்டில் உன் பெயரைக் கூப்பிடும்போது தலையைத் தூக்கு. திரும்பிப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், பார்க்க வேண்டிய ஆள்தான் நீ.

அந்தச் சட்டையைக் கண்டதும் மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது என்று எழுதினேன். இன்னும் வரத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டைக்குள் இருக்கிறவள் நான் வளர்த்த பிள்ளை. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

பரீட்சை எழுது. சிறகோடு வா. உள்காம்பரா அதுவரைக்கும் சும்மா கிடக்கட்டும், உன் அத்தான் நீலம் கலந்து அடித்துவிட்டார், அதை வந்து நீயே திட்டிக்கொள்.

உன் அக்கா,
பூரணி

*

முகாமிலிருந்து
20 ஜூலை 2025

அக்கா,

உன் கடிதம் வந்தபோது முடிவு சொல்ல இரண்டு நாள் இருந்தது. றம்ஸான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து கொடுத்தான். முதல் வரியைப் படித்ததும் இன்னும் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். முழுவதையும் படித்துவிட்டு நேரே கட்டளை அதிகாரியிடம் போய், பரீட்சை எழுதுகிறேன் என்று சொன்னேன்.

எழுத்துப் பரீட்சை ஒரு நாள். மறுநாள் பிரியந்தி சார்ஜன்ட் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஓடுபாதை ஓரத்தில் கம்பளிக் கட்டுகளை அடுக்கி, தண்ணீர்க் குழாயை அவரே பிடித்து நனைத்து வைத்திருந்தார். கட்டளை அதிகாரியும் கப்டனும் நின்றார்கள். "எட போடு" என்றார் சார்ஜன்ட். மடுவத்தில் சாக்கை அணைத்துக்கொண்டு நின்ற நிஷாந்தி அக்காவை நினைத்தேன். தராசு காட்டியதை அப்படியே எழுதினேன், ஒவ்வொரு கட்டுக்கும். எல்லாம் ஏற்றினால் விமானம் எழும்பாது, மூன்று கட்டை இறக்க வேண்டும் என்றேன். இறக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கப்டன் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் பிரியந்தி சார்ஜன்ட் தமிழில் சொன்னார்: "நிறுத்துங்க!" அந்தச் சொல்லை இப்போது ஸ்குவாட்ரன் முழுவதும் பழகி வைத்திருக்கிறது. அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

சிறகைப் பெரட்டில், எல்லாருக்கும் முன்னால், அவரே குத்தி விட்டார். தலையைத் தூக்கித்தான் நின்றேன்.

நேற்று அதே சின்ன ஓடுபாதைக்குப் போனோம், ஏப்ரலில் விட்டுப்போன மீதிக் கம்பளிகளையும் பிறகு வந்தவற்றையும் ஏற்றிக்கொண்டு. கப்டன் கேட்டார், லோட் மாஸ்டர், எல்லாம் சரியா என்று. சரி என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அங்கே இறங்கியதும் பிள்ளையைத் தோளில் போட்டிருந்த ஒரு அம்மா என் கையிலிருந்தே ஒரு கம்பளியை வாங்கி, அப்படியே பிள்ளையைச் சுற்றினாள். காய்ந்த கம்பளி, அக்கா. நீ அனுப்பிய தேயிலையும் என் பையில் வந்தது, அதையும் எடை போட்டுத்தான் ஏற்றினேன். அந்த ஊர் டாக்டருக்கு ஊற்றிக் கொடுத்தேன், ராகலைத் தேயிலை என்று சொல்லி.

ஜனவரியில் வருகிறேன், இதே சட்டையோடு. லயத்து வாசலில் நீ நிற்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தியில் போன் பண்ணுவேன். எடு. அழுதால் அழு. ஈரத்துக்கு நான் இப்போது எதையும் கழிப்பதில்லை.

வினோதா